வேலை மாறிவிட்டது, நம் உதவியும் மாற வேண்டும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இன்று நீண்ட நேரம் பேச எண்ணமில்லை. ஆனால் இந்த ஆண்டு உதவி கேட்டு வந்த மனுக்களைப் பார்த்தபோது ஒரு விஷயத்தை உங்கள் முன் வைத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் தறி நெய்கிறவர். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். "அண்ணே, பணம் கேட்டு வரலை. இவனை எதுல சேர்த்தா நாளைக்கு சோறு போடும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் இதே கேள்வி வந்திருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்போம்: தறியில் உட்கார வை, இல்லையென்றால் கடையில் விடு, இல்லையென்றால் பாஸ்போர்ட் எடு. இந்த மூன்று பதிலும் இன்று அப்படியே செல்லாது. ஏன் செல்லாது என்பதையும், அதனால் நம் அறக்கட்டளை எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒரே வீட்டில் நான்கு வேலை

நம் ஊர் வீடுகளில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் இந்தக் கதைதான் வரும். பாட்டனார் குத்தகை நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் போட்டார், அல்லது ஊர் ஊராகச் சென்று தோல் வாங்கி ராணிப்பேட்டைக்கு அனுப்பினார். அத்தா தறிக்குப் போனார். அண்ணன் சவூதிக்கோ துபாய்க்கோ போனார். இன்று அந்த வீட்டுப் பெண்பிள்ளை காலையில் கம்பெனி பஸ் ஏறி மாங்கால் கூட்டுரோடு சிப்காட்டுக்குப் போகிறாள். ஒரு குடும்பம் எழுபது வருஷத்துக்குள் விவசாயம், கைத்தொழில், வெளிநாடு, ஆலை என்று நான்கு உலகங்களைப் பார்த்துவிட்டது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் வேலை செய்த 100 பேரில் ஏறக்குறைய 70 பேர் விவசாயத்தை நம்பி இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அது 55 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இன்னும் குறைவு: 100 பேரில் 42 பேர்தான்.

இந்த எண்ணுக்குள் இன்னொரு எண் இருக்கிறது. 2001இல் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்தவர்கள் சுமார் 51 லட்சம் பேர். பத்து வருஷத்தில் அது 42 லட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். ஆக, வயலை விட்டவர்கள் எல்லோரும் நல்ல வேலைக்குப் போய்விடவில்லை. நிலத்தை விட்ட பலர் அதே நிலத்தில் கூலியாக நின்றார்கள். இன்னும் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலைக்குப் போனார்கள்.

கொரோனா வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2018-19இல் நாட்டில் வேலை செய்வோரில் 100க்கு 42 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். கணக்கெடுக்கும் முறை வேறு என்பதால் மக்கள்தொகைக் கணக்கோடு இதை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இதே கணக்கில் அடுத்த ஆண்டே அது 45ஐத் தாண்டியது. 2023-24இலும் 46இல் நிற்கிறது. பல பத்தாண்டுகளாகக் குறைந்து வந்தது திரும்ப ஏறிவிட்டது. வெளியே வேலை போனவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது பழைய வயல்தான். அந்த வயலும் இல்லாதவர்கள் எங்கே ஒதுங்குவது? நம் ஜமாஅத்தில் பெரும்பாலோருக்கு இன்று வயல் இல்லை. நம் கவலை அங்கே தொடங்குகிறது.

தறி ஏன் தளர்ந்தது

நமக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் ஆரணி. இரண்டு பெயரும் பட்டுக்குப் பெயர் போனவை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெயர் உயர்ந்துகொண்டே போகிறது. தறியில் உட்காரும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

மத்திய அரசின் கைத்தறிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1995-96இல் நாடு முழுவதும் நெசவாளர்களும் துணைத்தொழில் செய்பவர்களும் சேர்த்து 65 லட்சம் பேர். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். இருபத்தைந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள்.

காரணம் நம் வீட்டுக்குள்ளேயே தெரியும். ஒரு பட்டுச் சேலையை ஒரு ஆள் நெய்வதில்லை, ஒரு குடும்பமே நெய்கிறது. பாவு சரி செய்ய வேண்டும், தார் சுற்ற வேண்டும், அறுந்த இழை பிணைக்க வேண்டும். இதெல்லாம் மனைவியும் பிள்ளைகளும் செய்வது. ஆனால் கூலி சேலைக்கு ஒன்றுதான். அந்தக் கூலியை வீட்டில் உழைத்த தலைகளுக்குப் பிரித்துப் பார்த்தால் நூறு நாள் வேலைக்கூலியை எட்டுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அவர்கள் செய்த வேலைக்கு ஆள் வைக்கக் கூலியில் இடமில்லை.

இன்னொன்று முன்பணம். பட்டு முதலாளியிடம் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முன்பணம் வாங்குகிறோம். அந்தக் கடன் தீரும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலி பேசவும் முடியாது. தறி நம் வீட்டில் நிற்கிறது, சாவி வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது விசைத்தறி. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் போட்டது. முதலில் 22 வகைகள், பிறகு அது 11 ஆனது. சட்டம் இருந்தும் கைத்தறி போலவே தெரியும் விசைத்தறிச் சேலை பாதி விலைக்குக் கடையில் தொங்குகிறது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்தாலும் பர்ஸ் இடம் கொடுப்பதில்லை.

தறி செத்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் ஒழுங்காக வேலை கிடைக்கிறவர்களும், புது டிசைன் போடத் தெரிந்தவர்களும் இன்றும் கௌரவமாக வாழ்கிறார்கள். ஆனால் வேறு வழி தெரியாததால் மட்டும் ஒரு பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பது இனி நியாயமல்ல.

பாலாற்றுக் கரையிலிருந்து ஒரு பாடம்

நம் சமுதாயம் பெரிய அளவில் முதல் போட்ட தொழில் தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்க நம் மக்கள் தோல் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1970களில் மத்திய அரசு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே அனுப்பாதே, முழுப் பொருளாக்கி அனுப்பு என்று கொள்கையை மாற்றியது. அதன் பிறகுதான் அங்கே ஷூ கம்பெனிகள் பெருகின. பிறகு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. கெட்டுப்போன நிலத்துக்கும் தண்ணீருக்கும் பதில் சொல்ல வேண்டிய நேரம் அது. அந்தத் தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அன்று மூடிய ஆலைகளின் வாசலில் நின்றவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வைத்து உழைத்த ஆண்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோல் தொழில் அழியவில்லை, அதற்குள் இருந்த வேலை மாறியது. தொட்டியில் தோல் புரட்டிய ஆணுக்கு வேலை குறைந்தது. மெஷினில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்ணுக்கு வேலை கூடியது. ஒரு தொழில் வளர்கிறதா தேய்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதற்குள் எந்த வேலை வளர்கிறது, எந்த வேலை தேய்கிறது என்று கேட்க வேண்டும்.

நம் வாசலுக்கு வந்த ஆலை

இப்போது நம் வட்டத்துக்கே வருவோம். செய்யாறு சிப்காட் நம் எல்லைக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டு பிராண்டுகளுக்கு விளையாட்டுக் காலணி செய்யும் ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். 2019-20 ஆலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் 100 பெண்களில் 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்த 43 பேரில் நம் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலத்தைத் தர மாட்டோம் என்று 2023இல் மேல்மா பகுதி உழவர்கள் மாதக்கணக்கில் போராடியதை நாம் பார்த்தோம். நிலம் போகிறவர் ஒருவர், வேலை கிடைப்பது இன்னொருவருக்கு. அந்த உழவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்கள் துயரத்தை விட்டுவிட்டு நம் பிள்ளைகளின் சம்பளத்தை மட்டும் எண்ணுவது அழகல்ல.

ஆலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. "கம்பெனிக்குப் போற பொண்ணா?" என்று பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரே, நாங்கள் ஒன்று கேட்கிறோம். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் வணிகம் செய்தார்கள் என்பதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். நம் வீட்டுப் பெண் கண்ணியமாக உடுத்தி, ஒழுங்காகப் போய் வந்து, தம்பியின் காலேஜ் பீஸைக் கட்டினால் அதில் என்ன குறை கண்டோம்? அத்தாவின் தறி நின்றபோது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தப் பிள்ளைகளால்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு. அதில் உங்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. விதிப்படி பணம் கட்டியிருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண் வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். வேலை மாறும்போது பழைய பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். மொத்தம் பத்து வருஷச் சேவை சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம் வரும். கல்யாணச் செலவுக்கென்று இடையில் எடுத்துவிட்டு, பிறகு பத்து வருஷம் சேராமல் நிற்கிறவர்கள் அதிகம். உங்கள் பாட்டனாருக்கும் அத்தாவுக்கும் ஓய்வூதியம் என்ற ஒன்றே இருந்ததில்லை. உங்களுக்கு வந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

காகிதம் இல்லாத உழைப்பு

நீதிபதி சச்சார் குழு 2006இல் கொடுத்த அறிக்கை, நாட்டில் வேலை செய்யும் முஸ்லிம்களில் 100க்கு 61 பேர் சுயதொழிலில் இருப்பதாகச் சொன்னது. நகரங்களில் மற்றவர்களைவிட நாம் இதில் வெகுதூரம் அதிகம். சுயதொழில் நல்லதுதான், வியாபாரம் நபிமார்களும் செய்தது. ஆனால் நம் சுயதொழில் பெரும்பாலும் தள்ளுவண்டி, பழைய இரும்பு, பிரியாணிக் கடை, மெக்கானிக் ஷெட். அங்கே விபத்து நடந்தால் இழப்பீடு இல்லை, காய்ச்சல் வந்தால் சம்பளம் இல்லை. முக்கியமாக, இருபது வருஷம் உழைத்ததற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

வெளிநாட்டு விஷயத்திலும் அதுதான். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு வளைகுடா போக அரசின் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை. தேறாதவர் அந்த அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அது அவருடைய பாதுகாப்புக்காக வைத்த விதி. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று ஏஜென்ட் சொல்வான், நாம் நகையை விற்றுக் கொடுப்போம். அங்கே போன பிறகு சம்பளமும் இருக்காது, திரும்பி வர வழியும் இருக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்ற ஒரு காகிதம் ஒருவரை இந்த வலையிலிருந்து காப்பாற்றும். போகத்தான் வேண்டும் என்றால், பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

எங்கள் தவறு

இவ்வளவு நேரம் மற்றவற்றைப் பேசினோம். இனி எங்களைப் பற்றிப் பேச வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வரலாறு உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் இருந்தது ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும்தான். பெருமானார் (ஸல்) அவற்றை ஏலம் போட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். இன்னொரு திர்ஹத்துக்குக் கோடரி வாங்கி வரச் சொல்லி, தம் கையாலேயே கைப்பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வா என்றார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வந்தார்.

இதை மனதில் வைத்துத்தான் நாங்கள் ஆண்டுதோறும் தையல் மிஷின் கொடுத்தோம். மேடை போட்டோம், போட்டோ எடுத்தோம். போன வருஷம்தான் முதல் முறையாக அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தோம். பல வீடுகளில் மிஷின் மேல் துணிமூட்டை இருந்தது. சில வீடுகளில் மிஷினே இல்லை, விற்றுவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ரெடிமேட் சுடிதார் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் தெருவுக்குப் பத்துத் தையல்காரிகளுக்கு வேலை எங்கே? பிழைத்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? பட்டுச் சேலைக்குப் பீகோ அடித்து, பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யத் தனியாகக் கற்றுக்கொண்டவர்கள்.

அந்த வரலாற்றில் நாங்கள் கோடரியை மட்டும் பார்த்தோம். மற்ற மூன்றைப் பார்க்கவில்லை. மதீனாவில் விறகுக்கு விலை இருந்தது. கைப்பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சந்தையைப் பார்ப்பது, கைப்பழக்கத்தோடு கொடுப்பது, திரும்பிப் போய் விசாரிப்பது ஆகிய மூன்றையும் நாங்கள் விட்டுவிட்டோம். ஜமாஅத்தின் பணத்தை இப்படிச் செலவழித்ததற்கு இந்த மேடையிலேயே பொறுப்பு ஏற்கிறோம்.

இனி என்ன செய்யப் போகிறோம்

நிர்வாகக் குழுவில் பேசி, சிலர் மறுத்து, மறுபடி பேசி, இந்த முடிவுகளுக்கு வந்திருக்கிறோம்.

ஒன்று, பயிற்சி முடிக்காத யாருக்கும் இனி மிஷின் கிடையாது. பயிற்சி முடித்தவருக்குக் கொடுப்போம். கொடுத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து கேட்போம்.

இரண்டு, மிச்சமாகும் தொகை ஐடிஐ, பாலிடெக்னிக், நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் போகும். அரசு ஐடிஐயில் கட்டணம் குறைவுதான். ஆனால் பஸ்ஸுக்கும், சீருடைக்கும், கருவிக்கும் வழியில்லாமல் பாதியில் நின்றவர்கள் நம்மில் உண்டு. அந்தச் செலவை நாம் ஏற்போம். ஜகாத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள், சரியான கேள்வி. ஹஜ்ரத்மார்களிடம் விளக்கம் கேட்டோம். ஜகாத் பெறத் தகுதியான ஏழை மாணவரின் கையிலேயே தொகையைக் கொடுத்து அவருக்கு உரிமையாக்கிவிட்டால் ஜகாத் நிறைவேறும் என்றார்கள். அலுவலகச் செலவுக்கும் பயிற்சி நடத்தவும் ஜகாத்தைத் தொட மாட்டோம், அதற்கு சதகா நிதி தனியாக இருக்கிறது.

மூன்று, ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு மேஜை போடுகிறோம். சாதிச் சான்றிதழ், பிஎஃப், இஎஸ்ஐ, டாம்கோ கடன், வெளிநாட்டு விசா எதுவானாலும் தாள்களைக் கொண்டுவந்து காட்டுங்கள். 2007இல் தமிழக அரசு நமக்குத் தந்த 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டுமென்றால், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்று தாலுகா ஆபீசுக்கு ஓடிப் பயனில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் வாங்குகிறோம்?

நான்கு, தறி நெய்கிற குடும்பங்களுக்கு. முன்பணக் கடனிலிருந்து வெளியே வர வட்டியில்லாக் கடன் ஒன்றைச் சிறிய அளவில் தொடங்க எண்ணுகிறோம். இதற்குப் போதுமான நிதி இன்னும் சேரவில்லை. வசதியுள்ளவர்கள் தொழுகைக்குப் பிறகு எங்களைச் சந்தியுங்கள்.

கடைசியாக, அந்தத் தாய்க்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். மறுநாள் அவர் மகனைத் தனியாக அழைத்துப் பேசினோம். அத்தாவின் தறியில் ஜக்கார்டு பழுதானால் அவனே கழற்றி மாட்டுவான் என்று தெரிந்தது. அதை யாரும் ஒரு படிப்பாகப் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம். இடம் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இன்றைய உதவித்தொகையில் அவனுடைய பங்கும் இருக்கிறது.

அவனுக்கு இருபது வருஷம் கழித்து என்ன வேலை இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வேலையும் மாறும். அப்போது அவன் மறுபடி கற்றுக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும், அவன் பக்கத்தில் ஜமாஅத் நிற்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு நாங்கள் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான, நிலைத்த வாழ்வாதாரத்தை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.